அத்தியாயம் 7: சுவர் பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

ஓசூர், சூளகிரி, பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீட்டில் சேமிப்பு சர்வர் வைக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் மூன்று தரப்பினர். முன்பக்கம் வீடு, பின்பக்கம் ஷெட் என்று வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்காரர்கள். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள். காலையில் அத்திப்பள்ளியைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் இரவில் திரும்பும் குடும்பங்கள்.

மூவரின் தேவையும் வேறு. சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் எல்லாம் இங்கே ஆலை வைத்த பிறகு முளைத்த சிறு பட்டறைகளுக்கு ட்ராயிங்கும் சிஎன்சி புரோகிராமும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும்தான் சொத்து. வண்டி உதிரிபாகம் செய்பவர்களைக் கட்டுப்படுத்தும் ஐஏடிஎஃப் 16949 தரநிலை, பாகத்தின் ஒப்புதல் ஆவணங்களையும் டூலிங் பதிவுகளையும் அந்தப் பாகம் உற்பத்தியிலோ சர்வீஸிலோ இருக்கும் காலம் முழுக்க வைத்திருக்கச் சொல்கிறது. அதற்கு மேல் இன்னும் ஒரு காலண்டர் ஆண்டு. ஜிஎஸ்டி கணக்குகளுக்கு ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு தேதியிலிருந்து 72 மாதம். ஸ்டுடியோவுக்கு இடம்தான் பிரச்சினை. விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதிவாகும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி தின்னும். இரண்டு கேமரா ஐந்து மணி நேரம் ஓடினால் 450 ஜிபி. மூன்றாம் தரப்புக்குக் குழந்தைகளின் படங்களும் வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேனும். அளவு குறைவு, ஆனால் போனால் திரும்பாது.

சர்வர் மக்கர் செய்தால் இந்த மூன்று இடத்திலும் முதலில் நடப்பது ஒன்றுதான். திரையைத் திறந்து செட்டிங்கை மாற்றுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் சாஃப்ட்வேரையே அழித்து மறுபடி ஏற்றுவார்கள். நம் வட்டாரத்தில் இது தலைகீழ் வரிசை. இங்கே பழுது பெரும்பாலும் மின்சாரத்தில், எர்த்தில், கேபிளில், தூசியில் பிறக்கிறது. திரையில் தெரிவது அதன் கடைசி விளைவு. அதனால் இந்த அத்தியாயம் சுவரில் தொடங்கி உள்ளே போகிறது. புதிதாக நிறுவவும் இதே வரிசை, கோளாறு தேடவும் இதே வரிசை. டிஸ்க்கில் கை வைப்பது கடைசி.

பெட்டி

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். குடும்பத்துக்கு இரண்டு டிஸ்க் போடும் ரெடிமேட் பெட்டி போதும். அல்லது பழைய டெஸ்க்டாப்பில் ஓப்பன்மீடியாவால்ட். டெபியன் லினக்ஸின் மேல் ஓடும் இந்தச் சாஃப்ட்வேர் எளிய கணினியிலும் நடக்கும். பட்டறைக்கும் ஸ்டுடியோவுக்கும் நான் சொல்வது ட்ரூநாஸ், குறைந்தது 8 ஜிபி ரேமுடன். காரணம் அதன் அடியில் இருக்கும் இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் போன்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் 2001-இல் தொடங்கிய இந்தக் கோப்பமைப்பு, எழுதும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து வைக்கிறது. படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் அடுத்த டிஸ்க்கிலிருந்து நல்ல பிரதியை எடுத்துச் சரிசெய்துகொள்கிறது. ட்ராயிங்கில் ஒரு அளவு மாறினால் ஒரு லாட்டே ரிஜெக்ட் ஆகும் தொழிலில் இந்தக் காவல் அவசியம்.

ட்ரூநாஸ் தான் குடியேறும் டிஸ்க்கில் உங்கள் தரவை வைக்க விடாது. அதற்கென்று சிறிய எஸ்எஸ்டி ஒன்று தனியாக வேண்டும். பென்டிரைவில் நிறுவினால் எழுதி எழுதியே அது தேய்ந்துபோகும்.

கரண்ட் பில்லையும் முதலிலேயே கணக்குப் பாருங்கள். 30 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் 86. வீட்டு இணைப்பு 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், அதைத் தாண்டும்போது கட்டண அடுக்கே மாறும். இலவசமாகக் கிடைத்த பழைய கணினி அப்போது இலவசம் இல்லை.

டிஸ்க் வாங்க இங்கிருந்து பலரும் போவது பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு. விலை நன்றாகவே இருக்கும். இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலாவது, சீரியல் எண் எழுதிய பில். 2025 தொடக்கத்தில், ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளின் ஓட்டக் கணக்கை அழித்துவிட்டு ஐரோப்பாவில் புதியவை என்று விற்றது வெளிப்பட்டது. டிஸ்க்கின் உள்ளே ஃபார்ம் என்ற இன்னொரு பதிவு இருந்ததால்தான் பிடிபட்டது. வாங்கிய அன்றே, டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். சீகேட் என்றால் ஃபார்ம் பதிவையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது, எஸ்எம்ஆர் டிஸ்க் வேண்டாம். ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படிவதுபோல் இதில் தரவுத் தடங்கள் படிந்திருக்கும். ஒன்றை மாற்ற பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டில் பழுதான டிஸ்க்கை மாற்றி மறுகட்டமைக்கும்போது இந்த வகை மூச்சு வாங்கும். சில சமயம் பழுதென்று வெளியே தள்ளப்படும். 2020 ஏப்ரலில், நாஸ் எனும் சேமிப்பு சர்வருக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் இந்த வகைதான் என்று நிறுவனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மாடல் எண்ணை நிறுவனத்தின் பட்டியலில் பார்த்து, தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகை என்று உறுதிசெய்த பிறகு பணம் கொடுங்கள்.

சுவர்

இனிதான் உண்மையான வேலை. சர்வர் வைக்கப்போகும் அறையின் பிளக் பாயின்டில் மல்டிமீட்டர் வைத்து மூன்று அளவு எடுங்கள்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே. முதலிரண்டும் 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது ஓரிரு வோல்ட்டுக்குள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-க்கு வெகு கீழே ஏதோ ஒரு எண் தாவித் தாவி வந்தால் உங்கள் வீட்டில் எர்த் என்பது பின் துளை மட்டும்தான்.

பெட்டியின் இரும்பு உடம்பைத் தொட்டால் விர்ரென்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் உடம்பில் ஏறக்குறைய பாதி வோல்ட், 115 அளவில் மிதக்கும். ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் அதே நிலையில் லேன் கேபிளையோ யுஎஸ்பி டிஸ்க்கையோ சொருகினால் போர்ட் எரியக்கூடும், டிஸ்க் நடுவில் கழன்று கழன்று சேரும். எந்தச் செட்டிங்கை மாற்றியும் இது தீராது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எர்த் பலவீனமாவதற்குக் காரணம் காலடியிலேயே இருக்கிறது. கிரானைட் பூமி. கொஞ்சம் தோண்டினாலே பாறை. கோடையில் மேல்மண்ணும் காய்ந்து மின்சாரத்தை வாங்க மறுக்கும். ஆழமாக இறக்க வழியில்லாத இடத்தில் ஒரு குழிக்குப் பதில் இரண்டு மூன்று குழி போட்டு, செப்புப் பட்டையால் இணைத்து, பங்குனி முதல் ஆடி வரை தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். லைசென்ஸ் பெற்ற ஒயர்மேனிடம் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு டிஸ்க் விலையில் முடியும் வேலை. எல்லா டிஸ்க்கையும் காப்பாற்றும்.

அடுத்தது பேஸும் நியூட்ரலும். மூன்று பேஸ் வரும் தெருவில் ஒரு பேஸ் போனால் மெயின் போர்டில் இன்னொரு பேஸுக்கு மாற்றிக்கொள்வது நம் ஊர் வழக்கம். சர்வர் ஓடும்போது அந்த சுவிட்சைத் திருப்பினால் அது நேரடியாக கரண்ட்டைப் பிடுங்குவதற்குச் சமம். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அதைவிட ஆபத்து, கம்பத்தில் நியூட்ரல் அறுவது. அப்போது வீட்டு பிளக்கில் 300, 400 வோல்ட்கூட ஏறும். டியூப் லைட் திடீரென்று பளீரென எரிந்தால் அதுதான் அறிகுறி. மெயினை உடனே இறக்குங்கள். அதிக வோல்ட்டிலும் குறைந்த வோல்ட்டிலும் தானே துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்புக் கருவியை மெயின் போர்டில் போட்டுக்கொள்வது நல்லது. ஷெட்டில் வெல்டிங் செட்டோ ஏர் கம்ப்ரஸரோ இருந்தால் சர்வருக்கு எம்சிபி தனி, லைன் தனி.

யுபிஎஸ் வாங்கும்போது எத்தனை நிமிடம் நிற்கும் என்று கேட்பதை விட, பின்னால் யுஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மாதாந்திர பராமரிப்புக்கு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மாலையில்தான் வரும். எந்த 600 விஏ யுபிஎஸ்ஸும் அதைத் தாங்காது. அது செய்ய வேண்டியது, “பேட்டரிக்கு வந்துவிட்டேன்” என்று சர்வருக்குத் தகவல் சொல்வது மட்டுமே. ட்ரூநாஸிலும் ஓப்பன்மீடியாவால்ட்டிலும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் மூலம் இதை அமைக்கலாம்: இரண்டு நிமிடத்துக்கு மேல் கரண்ட் வராவிட்டால் எழுதி முடித்து ஒழுங்காக அணைந்துகொள். அமைத்த பிறகு சுவர் பிளக்கைப் பிடுங்கி, உண்மையிலேயே அணைகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காத யுபிஎஸ்ஸை நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் தளரும். விளக்கு எரியும், பீப் அடிக்கும், கரண்ட் போன நொடியில் கைவிடும்.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் பின்னால் உண்டு. அது இல்லாவிட்டால் மாறும் இடைவெளியில் சர்வர் அணைந்து எழும். ஃபேன் நிற்காததால் யாருக்கும் தெரியாது. காரணம் புரியாமல் தினமும் ரீஸ்டார்ட் ஆகும் சர்வரில் நான் முதலில் பார்ப்பது இந்த சுவிட்சைத்தான். சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் நல்ல தரமான எஸ்எம்பிஎஸ்கூட முரண்டு பிடிக்கும். சைன் அலை வேண்டும்.

கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயோஸில் வைக்கலாமா? நம் ஊரில் போன கரண்ட் திரும்பும்போது இரண்டு மூன்று முறை வந்து வந்து போகும். வீட்டில் எப்போதும் ஆள் இருந்தால் கையால் ஆன் செய்வதே பத்திரம். பெங்களூரில் இருந்துகொண்டு வீட்டு சர்வரைத் தொட வேண்டியவர்கள் மட்டும் தானியங்கியாக வைத்து, யுபிஎஸ் பேட்டரி பாதியாவது ஏறிய பிறகு எழும்படி அமைக்கட்டும். நீண்ட மின்தடைக்குப் பிறகு சர்வர் எழுந்தும் வெளியிலிருந்து உள்ளே வர முடியவில்லை, சான்றிதழ் செல்லாது என்கிறது என்றால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்து, கணினி பல வருடம் பின்னால் போயிருக்கும்.

கடைசியாக மின்னல். மா அறுவடைக்கு முன்பின்னாக வரும் சித்திரை, வைகாசி இடிமழையில் கரண்ட் ஒயரை விட லேன் ஒயர் வழியாகத்தான் பெரும் சேதம் வருகிறது. வீட்டிலிருந்து ஷெட்டுக்கு வெட்டவெளியில் இழுத்த கேபிள், மொட்டை மாடி கேமராவின் கேபிள், இரண்டும் மின்னலின் அதிர்ச்சியை உள்ளே அழைத்துவரும் பாதை. ஃபைபரில் மின்சாரம் பாயாது. வீட்டுக்கும் ஷெட்டுக்கும் இடையே ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் போடுங்கள். எந்தப் பட்டறைக்காரரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வது இது.

தூசி, சூடு, அதிர்வு

ஓசூர் மேட்டுநிலம், காற்று குளிர்ந்தது. கிருஷ்ணகிரியும் பர்கூரும் கீழே, கோடையில் அனல். ஓசூர் வீட்டில் மூடிய அலமாரியில் சமாளிக்கும் பெட்டி கிருஷ்ணகிரியில் அப்படி வைத்தால் வேகும். டிஸ்க் சூடு 45 டிகிரிக்குள் இருக்கட்டும். பரணும் தகரக் கூரை அறையும் வேண்டாம்.

பட்டறையில் சூட்டை விடத் தூசி கொடியது. வார்ப்பிரும்பு கிரைண்டிங் செய்யும் இடத்தில் பறப்பது இரும்புத் துகள். அது மின்சாரத்தைக் கடத்தும். கூலன்ட் ஆவியோடு சேர்ந்து மதர்போர்டில் கரும் பசையாகப் படிந்தால் எங்கே ஷார்ட் ஆகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கிரானைட் பாலிஷ் செய்யும் இடத்துக்கு அருகிலிருந்தால் வெண்தூசி ஃபேனை அடைக்கும். சர்வர் ஷெட்டில் இருக்கவே கூடாது, வீட்டுப் பக்கம்தான். பவர் பிரஸ் ஓடும் சுவருக்கு ஒட்டியும் வைக்காதீர்கள். டிஸ்க்கின் தலை தட்டுக்கு மேல் மயிரிழைக்கும் குறைந்த உயரத்தில் பறக்கிறது. தரை அதிரும்போது தடத்தைத் தவறவிட்டு மறுபடி மறுபடி படிக்கும். “ஷிஃப்ட் நேரத்தில் மட்டும் மெதுவாக இருக்கிறது” என்று யாராவது சொன்னால் நெட்வொர்க்கைச் சந்தேகிக்கும் முன் பிரஸ்ஸை நிறுத்திப் பாருங்கள்.

கேபிள்

பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பி வேகத்தைக் கவனியுங்கள். விநாடிக்கு 110 மெகாபைட் அளவில் போனால் கிகாபிட் இணைப்பு முழுமையாக வேலை செய்கிறது. 11-இல் நிற்கிறதா? டிஸ்க்கோ சாஃப்ட்வேரோ காரணம் இல்லை. இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடி ஒயரும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். கிரிம்ப் செய்ததில் ஒரு ஒயர் பற்றாவிட்டால் இணைப்பு சத்தமில்லாமல் கீழே இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளிலும் இது அடிக்கடி நேரும். சுத்தச் செம்புக் கேபிள் கேட்டு வாங்குங்கள். இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியின் போர்ட்டுகளையும் பாருங்கள். சிலவற்றில் ஒன்றே ஒன்றுதான் கிகாபிட். சர்வரையும் கணினிகளையும் தனி கிகாபிட் சுவிட்சில் சேர்த்து, அதிலிருந்து ஒரே ஒயர் ரௌட்டருக்குப் போகட்டும்.

நேற்று கிடைத்த சர்வர் இன்று காணோம் என்றால் பெரும்பாலும் ரௌட்டர் அதற்குப் புது முகவரி கொடுத்திருக்கும். ரௌட்டரில் சர்வருக்கு ஒரு நிரந்தர ஐபி ஒதுக்கி, அந்த எண்ணைப் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள்.

விண்டோஸ் கதவைத் திறக்காதபோது

சர்வர் ஓடுகிறது, முகவரி சரி, ஆனால் ஃபோல்டர் திறக்கவில்லை. இதற்கு இன்று மூன்று காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

பாஸ்வேர்ட் இல்லாத பொது ஃபோல்டர் முதல் காரணம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபின் விருந்தாளிக் கணக்கில் நுழைவது இயல்பாகவே தடுக்கப்படுகிறது. பாதுகாப்பைத் தளர்த்தும் வழிகளைத் தேடாதீர்கள். சர்வரில் ஆளுக்கொரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போடுங்கள். இரண்டாவது, விண்டோஸுக்குள் நுழையும் பின் எண்ணையே சர்வரும் கேட்கிறது என்று நினைப்பது. அது வேறு, இது வேறு. பழைய தவறான பாஸ்வேர்ட் கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கியிருந்தாலும் கதவு திறக்காது. அதை அழித்துவிட்டு மறுபடி நுழையுங்கள்.

மூன்றாவது காரணம் பட்டறைகளுக்கே உரியது. பல சிஎன்சி இயந்திரங்களின் உள்ளே இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது. அதற்குத் தெரிந்த பகிர்வு மொழி எஸ்எம்பி 1 மட்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுத்திவிட்டது. இயந்திரத்துக்காக சர்வர் முழுவதிலும் எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிடும் அறிவுரை உங்களுக்கு நிச்சயம் கிடைக்கும். கேட்காதீர்கள். பழைய கணினி ஒன்றையோ ராஸ்பெர்ரி பையையோ இடையில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டிய புரோகிராம்களை மட்டும் அதில் போட்டு, இயந்திரம் அதோடு மட்டும் பேசட்டும். இயந்திரங்கள் இருக்கும் நெட்வொர்க் இணையத்தைத் தொட வேண்டாம்.

ஃபைல் பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்று மொழி புழங்கும் ஓசூரில் இது அடிக்கடி வரும். லினக்ஸ் சர்வரில் பெயரின் நீளம் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ், தெலுங்கு, கன்னடக் குறிக்கு மூன்று. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ‘ஓசூர்’ என்ற சொல் மட்டுமே 15 பைட். மணமக்கள் பெயர், மண்டபம், ஊர், தேதி என்று விண்டோஸில் நீட்டி வைத்த தமிழ்ப் பெயர் அங்கே ஒழுங்காக இருக்கும், சர்வருக்குக் காப்பி ஆகும்போது மட்டும் பிழை காட்டும். ஆயிரம் ஃபைல் போய் பத்து மட்டும் போகவில்லை என்றால் பெயரின் நீளத்தைப் பாருங்கள். நீண்ட பெயரை ஃபோல்டர் அடுக்குகளாகப் பிரித்தால் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து உள்ளே

எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்திலிருந்து வீட்டு ஃபைலைத் திறக்க ரௌட்டரில் போர்ட் திறந்துவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற தாக்குதல், இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டிப் பணம் கேட்டது. பெரும்பாலும் வீட்டுக்காரர்களும் சிறு தொழில் செய்பவர்களும்தான் மாட்டினார்கள். டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் சர்வரிலும் உங்கள் போனிலும் இருந்தால் போதும். எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம். இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருந்தாலும் அது வேலை செய்யும். ரௌட்டரில் தானாகவே போர்ட் திறந்துவிடும் யுபிஎன்பி என்பதையும் அணைத்துவிடுங்கள்.

நகல்

1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்ட் பற்றி எழுதிய கட்டுரையின் நோக்கம், மலிவான சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்துப் பெரிய டிஸ்க்கின் வேகத்தையும் நம்பகத்தையும் எட்டுவது. அழிந்ததை மீட்பது அதன் வேலையே அல்ல. இரண்டு டிஸ்க் மிரரில் நீங்கள் தவறி அழித்த ஃபைல் இரண்டிலும் அந்த நொடியே அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். “மிரர் இருக்கிறது, பேக்கப் எதற்கு” என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை, பயம்தான் வருகிறது. தவறி அழிப்பதற்கு, அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் பெரும் துணை. மணிக்கொன்று எடுத்து இரண்டு வாரம் வைத்திருங்கள். ஆனால் அதுவும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. திருடனுக்கும் தீக்கும் அது பதில் அல்ல.

இன்னொரு ஊரில் ஒரு பிரதி வேண்டும். ஓசூர்க்காரருக்குக் கிருஷ்ணகிரியில் அக்கா வீடோ மாமியார் வீடோ இல்லாமல் போகாது. சுமார் 50 கிலோமீட்டர்தான். அங்கே ஒரு சிறிய பெட்டியும் ஒரு டிஸ்க்கும் வையுங்கள். முதல் பிரதியை இணையம் வழியாக அனுப்பாதீர்கள். விநாடிக்கு 40 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 2 டிபி போய்ச் சேர நான்கரை நாளுக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டும். இங்கேயே காப்பி எடுத்து டிஸ்க்கை பஸ்ஸில் கொண்டுபோய் மாட்டுங்கள்; பிறகு மாறியவை மட்டும் இரவில் போகட்டும். கம்பெனி ட்ராயிங்குகள் ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் வந்தவை என்பதால் அந்த டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்க வேண்டும். சாவியைக் காகிதத்தில் எழுதி இரண்டு ஊரிலும் பீரோவில் வையுங்கள்.

மாதம் ஒருமுறை, நகலிலிருந்து ஏதாவது ஒரு ட்ராயிங்கைத் திறந்து பாருங்கள்.

டிஸ்க்

மேலே சொன்ன எல்லாம் சரி என்றால்தான் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். ஸ்மார்ட் அறிக்கையில் நான்கு வரி போதும். 199-வது வரி ஏறினால் அது பெரும்பாலும் டிஸ்க் அல்ல, சாட்டா கேபிள் அல்லது அதன் மின்சாரப் பாதை, கேபிளை மாற்றுங்கள். இந்த எண் ஒருபோதும் குறையாது, ஆகவே மாற்றிய பிறகு மேலும் ஏறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். 5, 197, 198 ஆகிய வரிகளில் சுழியத்துக்கு மேல் எண் வந்து வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் விடைபெறுகிறது. டக் டக் என்று சத்தம் கேட்டால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தட்டு மேலும் கீறலாம்.

மாற்றும் நாளுக்கு முன்பே ஒரு வேலை உண்டு. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தையும் வெளியே தெரியும்படி ஒட்டி வையுங்கள். கெட்ட டிஸ்க் என்று நினைத்து நல்லதைக் கழற்றுவதுதான் இந்தத் தொழிலில் மிகப் பெரிய விபத்து; திரையில் முதல் டிஸ்க் என்று வருவது பெட்டியில் முதலாவதாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

டிஸ்க்கை மாற்ற முடிவு செய்ததும் முதலில் நகலை இன்றைய தேதிக்குக் கொண்டுவாருங்கள். மிச்சமிருக்கும் டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையையும் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை என்றால் அதுவும் களைத்திருக்கலாம். பிறகு அந்த வார மின்தடை அறிவிப்பைப் பார்த்து, உங்கள் பீடருக்குப் பராமரிப்பு நாள் இல்லாத நாளாகத் தேர்ந்தெடுங்கள். சாதாரண ரெய்ட் டிஸ்க் முழுவதையும் மறுபடி எழுதும். 4 டிபி, விநாடிக்கு 150 மெகாபைட் என்று வைத்தாலும் ஏழரை மணி நேரம். இசட்எஃப்எஸ் தரவு இருக்கும் அளவுக்கு மட்டும் எழுதும் என்பதால் பாதி நிரம்பிய டிஸ்க்கில் சீக்கிரம் முடியும். இரவு உணவுக்குப் பிறகு தொடங்குவது நல்லது. பட்டறை லைனில் இழுப்பு குறைந்திருக்கும்.

முடிந்ததும், எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஒன்றை முழுமையாக ஓடவிடுங்கள். அது பிழையின்றி முடியும் வரை பழைய டிஸ்க்கை வாரண்டிக்கு அனுப்பாமல் பத்திரமாக வையுங்கள். அரைகுறையாகப் படிக்க முடிந்தால்கூட அவசரத்துக்கு உதவும். அனுப்பும் முன் தரவை முழுவதும் அழிக்க வேண்டும். அழிக்க முடியாத அளவுக்குக் கெட்டிருந்து, உள்ளே வாடிக்கையாளரின் ட்ராயிங்குகள் என்கிரிப்ட் செய்யாமல் இருந்தால் வாரண்டியை விட்டுவிட்டு, ஷெட்டிலுள்ள ட்ரில்லிங் மெஷினில் தட்டுகளைத் துளைத்துவிடுங்கள்.